மக்கள் பூங்காவில் மிஞ்சியிருப்பவை

சேக்காட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நீங்கள், ஆவடியிலோ இந்துக் கல்லூரி நிலையத்திலோ மின்சார இரயிலேறிச் சென்னை செல்கிறீர்கள். துணியெடுக்கவோ மருத்துவரைக் காணவோ விரைகின்றீர்கள். வண்டி வந்து நிற்கும் மூர் மார்க்கெட் வளாகம் முன்னொரு காலத்தில் பெரும் பூங்காவொன்றின் பகுதியாயிருந்ததை எண்ணிப் பார்த்ததுண்டா?

1859-60ஆம் ஆண்டுகளில் சென்னை ஆளுநராயிருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நகர மக்கள் இளைப்பாறுவதற்கென அதனை உருவாக்க முனைந்தார். 116 ஏக்கர் பரப்பு, 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளப் பாதைகள்! ‘மக்கள் பூங்கா’ என்பது அதன் பெயர். பார்க் டவுன், பார்க் இரயில் நிலையம் என்னும் பெயர்கள் இன்றும் அதனை நினைவூட்டுகின்றன.

பூங்காவின் பெரும் ஈர்ப்பு, அங்கிருந்த விலங்குக் காட்சிசாலை. அதன் தொடக்கத்தில் நம் சமுதாயத்திற்கும் பங்குண்டு. எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் டாக்டர் எட்வர்டு பால்ஃபர் 1855இல் விலங்குகளைத் திரட்டியபோது, கர்நாடக நவாப் தம்மிடமிருந்தவற்றை வழங்கினார். அரண்மனையைச் சார்ந்தோர் மட்டுமே கண்டவற்றை ஏழை எளியோரும் காணும் வாய்ப்புப் பிறந்தது. 1860களில் அக்காட்சிசாலை மக்கள் பூங்காவுக்கு இடம் பெயர்ந்தது.

பின்னர் பூங்கா நிலத்தில் கட்டடங்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் நடத்திய விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட்டும், 1913இல் ரிப்பன் மாளிகையும் திறக்கப்பட்டன. விளையாட்டரங்கமும் அமைந்தது. 1956இல் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். அவ்விடத்தில் 1993இல் இன்றைய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அவ்விடம் இரயில் முனையமாயிற்று. விலங்குகளும் அதே ஆண்டில் வண்டலூர்ப் புதுப் பூங்காவில் குடிபுகுந்தன.

இவற்றுள் எதனையும் வேண்டாததென்று நாம் சொல்ல முடியுமா? நகராட்சிக்கு அலுவலகம் வேண்டும். இளைஞர்க்கு ஆடுகளம் வேண்டும். பயணிகளுக்கு நிலையம் வேண்டும். ஆயினும் நல்ல காரணங்கள் பல சேர்ந்தே ஒரு பெரும் பூங்காவைக் கரைத்துவிட்டன. எஞ்சியவற்றுள் குறிப்பிடத்தக்கது, மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு பசுமைத் திட்டு மட்டுமே.

அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நிலையத்தை விட்டு வெளிவந்து விக்டோரியா மண்டபத்தின் செந்நிறச் சுவர்களையும், ரிப்பன் மாளிகையின் வெண்ணிற எழிலையும் காட்டுங்கள். பின்பு மரநிழலில் அமர்ந்து, கொண்டு சென்ற உணவைப் பகிர்ந்துண்ணுங்கள். தொழுகைக்குப் பெரியமேடு பள்ளிவாசல் அருகிலேயே உள்ளது.

நவாபின் கொடையையும் 116 ஏக்கரின் கதையையும் அங்கே அவர்களுக்குச் சொல்லுங்கள். பொதுநிலம் என்பது வருந்தலைமுறைக்காக நம்மிடம் விடப்பட்ட அமானிதம். நம் ஊரின் ஏரிக்கரைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் நாளை யாரேனும் ஒரு நல்ல காரணத்தோடு வரக்கூடும். அப்போது எழுந்து நின்று கேள்வி கேட்க, இக்கதையறிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.