கீரை வெந்த தண்ணியும் ஹோமோசிஸ்டீனும்

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சிப்காட் கம்பெனிகளில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப் முடிந்தால் என் வாட்ஸப்புக்கு ரிப்போர்ட்டுகள் வர ஆரம்பித்துவிடும். நான் டாக்டர் இல்லையப்பா, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்! இந்த வருஷம் மூன்று பேர் ஒரே வரியை வட்டம் போட்டு அனுப்பினார்கள்: ஹோமோசிஸ்டீன். அதில் ஒருவனுக்கு 34. பொதுவாக 15-க்குள் இருக்க வேண்டும். அவன் அப்பா 52 வயதில் நெஞ்சுவலியில் போனவர். இவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். "சார், ரெண்டு வாரமா தூக்கமே இல்ல. காய்கறி, பழம் சாப்பிட்டா குறையும்னு சொல்றாங்க. தினமும் கீரை ஜூஸ் குடிக்கிறேன், போதுமா?" என்று கேட்டான்.

விஷயம் இதுதான். நாம் சாப்பிடும் புரதத்தில் மெத்தியோனின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. உடம்பு அதைப் பயன்படுத்தும்போது இடையில் உண்டாவதுதான் ஹோமோசிஸ்டீன். அதை மறுபடி மெத்தியோனினாக மாற்ற இரண்டு வைட்டமின்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்: ஃபோலேட், பி12. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ரத்தத்தில் தேங்கும். பி6 வழியாக இன்னொரு பாதையும் உண்டு. 1969-ல் அமெரிக்காவில் கில்மர் மெக்கல்லி என்ற மருத்துவர், பிறவிக் கோளாறால் இது மிக அதிகமாகி இறந்த குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் கிழவர்களுடையதைப் போலத் தடித்திருப்பதைக் கவனித்தார். இதயத்தோடு இதைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தது அங்கேதான்.

இதில் ஃபோலேட் கதை நம் நாட்டுக் கதை. 1928-ல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் மில்களில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931-ல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. 1941-ல் டெக்சாஸில் நான்கு டன் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ஃபோலியம் என்றால் இலை.

ஆக, கீரை, அவரை, பச்சைப்பயறு, பப்பாளி, நம் கிருஷ்ணகிரி மாம்பழம் எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. (சுகர்காரர்கள் மாம்பழம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் இது தண்ணீரில் கரைகிற வைட்டமின். கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் கிட்டத்தட்ட பாதி போய்விடும்.

இங்கேதான் நம் ஊர்ப் பெண்களைக் கும்பிடத் தோன்றுகிறது. உப்புசாறு நினைவிருக்கிறதா? கீரையையும் பருப்பையும் வேகவைத்து, தண்ணியை இறுத்து, பூண்டும் மிளகாயும் அரைத்துவிட்டு அதைச் சாறாக்கி, கீரையைத் தனியாகத் தாளித்து, களியோடு சாப்பிடுவோமே. எல்லை தாண்டினால் அதுவே பஸ்ஸாரு. ஒரு சொட்டு வீணாகாது. கம்பெனி கேன்டீன் சாப்பாட்டுக்கும் புரோட்டாவுக்கும் மாறிய பிள்ளைகள் வாரம் இரண்டு நாளாவது இதற்குத் திரும்பினால் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அவன் கேள்விக்கு இது பதில் இல்லை. 2000-ல் வெளியான ஒரு ஆய்வில், பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் என்று எட்டு வாரம் சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான உணவு சாப்பிட்டவர்களுக்கும் ஹோமோசிஸ்டீனில் வந்த வித்தியாசம் 1-க்கும் குறைவு. 34-ஐ இறக்க அது எப்படிப் போதும்? 2006-ல் புனேயில் 441 ஆண்களைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 58 சதவீதம் பேருக்கு 15-க்கு மேல். ஃபோலேட் குறைவு அபூர்வம். பி12 குறைவோ 67 சதவீதம் பேருக்கு! பி12 எந்தக் கீரையிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் உண்டு. இவனோ சுத்த சைவம், தயிரும் பிடிக்காது. ஜூஸை விடு, பி12 பார் என்றேன். பார்த்தான், மிகக் குறைவு. டாக்டர் ஊசி போட்டார். மூன்று மாதத்தில் 34 என்பது 13 ஆனது. கால் மரத்துப்போவதும் குறைந்திருக்கிறதாம். அதை என்னிடம் அவன் சொல்லவே இல்லை! நரம்புக்கு பி12 அவ்வளவு முக்கியம். பி12 பார்க்காமல் ஃபோலிக் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி விழுங்கினால் ரத்தசோகை மறைந்து நரம்புக் கெடுதல் தெரியாமல் நடக்கும். அதனால்தான் மருந்துக்கடை வைத்தியம் வேண்டாம் என்கிறேன்.

13 ஆகிவிட்டது, அப்பாவுக்கு வந்தது எனக்கு வராது என்று எழுதியிருந்தான். அதையும் மறுக்க வேண்டியிருந்தது. 2006-ல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனை நன்றாகவே குறைத்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. பிரஷர், சுகர், சிகரெட் இவைதான் அவன் பார்க்க வேண்டியவை. சிகரெட்டைக் குறைத்திருக்கிறானாம். குறைப்பது போதாது என்று அவனுக்கே தெரியும்.

இன்னொன்று. எடுத்த ரத்தம் பிரிக்காமல் மணிக்கணக்கில் கிடந்தால் இந்த எண் தானாகவே ஏறும். முகாமில் எடுத்த சாம்பிள் எப்போது லேப் போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். மற்ற இருவரில் ஒருத்திக்கு 17 வந்தது. நேராக லேபிலேயே போய்க் கொடுத்தபோது 12.

மத்திகிரி சித்தி, நீங்கள் மெட்ஃபார்மின் போட ஆரம்பித்துப் பத்து வருஷம் ஆகிறது. அது பி12-ஐக் குறைக்கும். வருகிற மாதம் டாக்டரிடம் போகும்போது கேட்டுவிடுங்கள், நான் போன் பண்ணுகிறேன்.