அசையாக் கண்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகிக் குண்டுமாரி பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரியக் கண்ட பின்னரே, பகைவன் வந்தமையை நகரத்தார் உணர்ந்தனர். சூழ்ச்சியில் வல்லவனை 'எம்டன்' என நம்மவர் இன்றும் கூறுவர். அவ்விரவு தமிழுக்கு விட்டுச்சென்ற சொல் அது.

கப்பலேனும் மெல்ல ஊர்ந்து வரும். 2000 கிலோமீட்டர் கடந்து தாக்கும் ஏவுகணையோ நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் பாய்வது. அதனை 600 கிலோமீட்டருக்கு அப்பால் கண்டுகொண்டாலும், எஞ்சுவது இரண்டரை நிமிடமே. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைவதற்குள் அது கழிந்துவிடும். ரேடார் அலை அத்தொலைவைச் சென்று மீள ஆயிரத்தில் நான்கு கூறு நொடி போதும். ஆனால், அலையை வீசும் தட்டு ஒருமுறை சுழன்றுவரப் பல நொடிகள் ஆகுமே! ஆதலின், தட்டைச் சுழற்றாது அலையை மட்டும் திருப்பும் வழியை அறிஞர் கண்டனர். அதுவே 'ஃபேஸ்டு அரே' ரேடார்.

தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்து ஏரிக்கரையில் சிறுவர் பதின்மர் நெருங்கி வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். அனைவரும் ஒரே கணத்தில் நீரில் கல்லிட்டால், வட்ட அலைகள் கூடி ஒரே அலையாய் நேர் எதிரே செல்லும். இடக்கோடியில் நிற்பவன் முதலில் இட, அடுத்தடுத்தவர் இமைப்பொழுது தாழ்த்து இடுவாராயின், இடப்புற அலை முந்திவிடும். அலைமுகம் சாய்ந்து வலப்பக்கம் திரும்பும். சிறுவர் எவரும் நின்ற இடம் பெயர்ந்திலர். அலையே திசை மாறிற்று.

இந்த ரேடாரின் பலகையில் சிறுவர்க்கு ஈடாக ஆயிரக்கணக்கான அலைபரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் எவ்வளவு தாழ்த்து வீசவேண்டும் என்பதைக் கணிப்பொறி வரையறுக்கிறது. அதனால் அலைக்கற்றை வானின் ஒரு மூலையினின்று மறுமூலைக்கு நொடியின் சிறு கூறில் தாவுகிறது. பல இலக்குகளை ஒருங்கே தொடர்கிறது. இஸ்ரேலியக் கருவியை அடியொற்றி அமைந்த இத்தகைய ரேடார் ஒன்று இந்தியாவிடம் உண்டு. 'ஸ்வார்ட்ஃபிஷ்' என்பது அதன் பெயர். வாள்மீன் எனினும் பொருந்தும்.

2006 நவம்பர் 27-இல் ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து எழுந்த பிருதிவி ஏவுகணையை, வீலர் தீவிலிருந்து விடுத்த எதிர்க்கணை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் தகர்த்தது. 2015 முதல் அத்தீவு அப்துல் கலாமின் பெயர் தாங்கி நிற்கிறது.

எனினும், இக்கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. இதன் அலை நேரே செல்வது, நிலமோ வளைந்தது. தொடுவானத்துக்குக் கீழுள்ள ஏவுகணை மேலெழுந்து வரும்வரை ரேடாருக்குப் புலப்படாது. அந்த முதற் சில நிமிடங்களையும் இழவாதிருக்கவே, ஏவுகணை கக்கும் தீயின் வெம்மையை விண்ணிலிருந்து கண்டறியும் செயற்கைக்கோள்களை அமெரிக்கா முதலிய நாடுகள் நிறுத்தியுள்ளன.