கம்பியும் கல்லும்

"தங்களுக்கு எந்த ஊர்?" என்று வெளியூர் நண்பர்கள் வினவும்போது, "கோலார் தங்கவயல், ஸ்கெலட்டன்" என்று விடை கூறுகிறோம். ஸ்கெலட்டன் என்னும் சொல்லின் பொருளை அறிந்தோர் முதலில் நகைக்கின்றனர். அடுத்த கணம் அவர்களுடைய பார்வை நம் விரல்களிலும் கழுத்திலும் ஓடி மீள்கிறது. தங்கம் விளைந்த மண்ணிலிருந்து வருபவரிடம் ஒரு மோதிரமேனும் இராதா என்பது அவர்கள் எண்ணம். புகைவண்டித் துறையில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் நம்மிடம், சட்டைப் பையிலுள்ள பேனாவைத் தவிர மின்னும் பொருள் வேறொன்றும் இல்லை.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே வேலை தொடங்கியது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரையில், ஏறத்தாழ 800 டன் பொன் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை வெட்டிய கைகளிற் பெரும்பாலானவை வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர் கைகள். ஆயினும், சுரங்கப் பொன்னைத் தொழிலாளி ஒருவன் தன்வசம் வைத்திருப்பதே குற்றமாக இருந்த ஊர் இது. ஆகவே, சாம்பியன் சுரங்கத்தில் பணிபுரிந்த நம் தாத்தாவும், பாட்டிக்கு நகை செய்ய நினைத்தபோது, மற்ற ஊரார் போலவே கடைக்குச் சென்று காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

அவர் வாங்கியது ஒரு ஜோடிச் சிவப்புக்கல் தோடு. நிறை ஒரு சவரன், அதாவது எட்டுக் கிராம். பாட்டிக்குப் பின் அத்தோடு நம் அன்னையாரின் காதுக்கு வந்தது. சுரங்கம் மூடியபோது நாம் தொடக்கப் பள்ளிச் சிறுவன். அடுத்த ஆண்டு தந்தையார் வேலை தேடிப் பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறத் தொடங்கினார். தோடு அடகுக் கடைக்கு ஏறியது. கடைக்காரர் அதனை நிறுத்து, கல்லுக்கும் அரக்குக்கும் என்று இரண்டே முக்கால் கிராமைக் கழித்து, மீதி ஐந்தே கால் கிராமுக்குத்தான் பணம் தர இயலும் என்றார். "வாங்கும்போது எட்டுக் கிராமுக்கும் பொன் விலைதானே கொடுத்தார்கள்? விற்கும்போது அது எங்கே போயிற்று?" என்று அன்னையார் கேட்டார். விடை கிடைக்கவில்லை. தோடும் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து துளை மூடிவிடாதிருக்க, அன்னையார் காதில் வேப்பங்குச்சி அணிந்து வந்தார்.

அடகுக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதை நாம் பின்னரே அறிந்தோம். பழைய கல் நகைகளிற் பல, உள்ளே வெற்றிடம் உள்ள கூடுகள். மெல்லிய பொன் தகட்டைக் கூடாக வளைத்து, உள்ளே அரக்கை உருக்கி நிரப்பி, அதன்மேல் கல்லை அமர்த்தி, விளிம்பைத் தட்டி மூடுவர். கல் அசையாமல் நிற்பதற்கு அரக்கு தேவை. அதில் வஞ்சம் எதுவும் இல்லை. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்பட்டுவரும் கோயில் நகைகள் கல் பதிக்கும் அருமைக்குப் பெயர் பெற்றவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராச சோழர் வழங்கிய நகைகளைக் கூறும் கல்வெட்டுகளில், முத்து எத்தனை, வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை என்று எண்ணிச் சொல்லி, அரக்கும் உட்பட நிறை இவ்வளவு என்று குறித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த கணக்கை, நம் தாத்தாவுக்குத் துண்டுக் காகிதத்தில்கூட எவரும் எழுதித் தரவில்லை. நேயர்கள் இன்று நகை வாங்கும்போது, 916 முத்திரையும் ஆறு எழுத்து அடையாள எண்ணும் உள்ளனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், பொன்னின் நிகர எடை தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குவார்களாக. கேட்கக் கூச வேண்டுவதில்லை.

இனி நம் திண்ணையில் நடைபெறும் வேலைக்கு வருவோம். சங்கத்து அன்பர்கள் எழுதப் பணித்தது அதைப் பற்றித்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் துணைவியார், கைப்பேசியில் யாரோ கம்பியை வளைத்துக் கல்லைக் கட்டி நகை செய்வதைக் கண்டு, தாமும் செய்வது என்று முடிவு செய்தார். பற்றவைப்பு இல்லை, நெருப்பு இல்லை, அரக்கும் இல்லை. கம்பியே கல்லைத் தாங்கி நிற்கும். "கல் இவ்வளவு, கம்பி இவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறதே!" என்று அன்னையாரும் ஆர்வம் காட்டினார். மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் சேர்ந்த பின் நாம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? பணம் கொடுத்தோம்.

முதற் பிழை குறட்டில் நேர்ந்தது. வீட்டில் மின்சார வேலைக்கு வைத்திருந்த குறடே போதும் என்று எண்ணினோம். அதன் வாயில் பற்கள் உண்டு. பிடித்த இடமெல்லாம் கம்பியில் தழும்பு விழுந்தது. நகை வேலைக்கு வேண்டுவது பல்லில்லாத வழுவழுப்பான வாய். உருண்டை மூக்குக் குறடு ஒன்று, தட்டை மூக்குக் குறடு ஒன்று, நுனி கூர்மையான வெட்டுக்குறடு ஒன்று ஆக மூன்று இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். உருண்டை மூக்கு அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதால், ஒவ்வொரு வளையத்திற்கும் கம்பியை வேறு வேறு இடத்தில் பிடித்தால் வளையங்கள் வேறு வேறு அளவில் அமைந்துவிடும். மூக்கின்மேல் பேனா மையால் ஒரு கோடு இட்டுக்கொள்வது நலம். இது நம் யோசனை. துணைவியார் ஒப்புக்கொண்ட மிகச் சில யோசனைகளுள் ஒன்று.

இரண்டாம் பிழை கம்பியில். காணொளியில் இருபதாம் எண் கம்பி என்றார்கள். ஆண்டர்சன்பேட்டையில் மோட்டார் சுற்றும் கடையிலிருந்து இருபதாம் எண் செம்புக் கம்பியை வாங்கி வந்தோம். மணியின் துளையில் அது நுழையவில்லை. கம்பி எண்ணில் இரண்டு கணக்குகள் உண்டு என்பது அப்போதுதான் விளங்கிற்று. அமெரிக்கக் கணக்கில் இருபது என்பது ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், நம் ஊர்க் கடைகளில் வழங்கும் ஆங்கிலேயக் கணக்கில் அதே இருபது 0.9 மில்லிமீட்டரைத் தாண்டும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது இரண்டிற்கும் பொது. ஆகையால் எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குவதே உத்தமம். காதுக் கொக்கிக்கு 0.8, கல்லைச் சுற்றிக் கட்ட 0.4 என்று நாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மேலும், மோட்டார்க் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று உண்டு. அதனைச் சுரண்டி நீக்காவிடில், புளியில் ஊறவைத்தாலும் மெருகு ஏறாது.

புளி என்றதும் மூன்றாம் பிழை நினைவுக்கு வருகிறது. செம்பு மங்கினால் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம் அல்லவா? முத்துக் கோத்த தொங்கல் ஒன்றை அவ்வாறே புளிக் கரைசலில் இட்டுவிட்டு, துணைவியார் சமையலைக் கவனிக்கச் சென்றார். எடுத்துப் பார்த்தபோது செம்பு பளபளத்தது. முத்துகள் ஒளியிழந்து சுண்ணாம்புக் கட்டி போல் ஆகிவிட்டன. முத்தும் பவளமும் சுண்ணாம்பின் இனத்தவை. புளிப்பு அவற்றைத் தின்றுவிடும். செவ்வந்திக்கல், சூதுபவளம், பளிங்கு போன்றவை அதற்கு அஞ்சா. குசராத்தின் கம்பாத்திலிருந்து வரும் சூதுபவள மணிகள் கம்பி வேலைக்கு மிகவும் ஏற்றவை. துளை சீராக இருக்கும், விலையும் அதிகமில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்மணிகளைத் தேய்த்துத் துளையிட்ட தொழிற்கூடங்களின் தடயங்கள் கிடைத்தன. துளையிடும் வேலையை அவர்களுக்கே விட்டுவிட்டு, துளையிட்ட மணியையே வாங்குமாறு தொடக்கநிலையினருக்குச் சொல்வோம்.

இந்நிலையில்தான், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு காலத்தில் பட்டறை வைத்திருந்த முதிய ஆசாரியார் ஒருவர் நமக்கு அறிமுகமானார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். நம் துணைவியார் செய்த கம்மலை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "வளைவு நன்றாயிருக்கிறது, அம்மா. ஆனால் கம்பி களைத்துப்போயிருக்கிறது" என்றார். ஒரே இடத்தில் பலமுறை வளைக்கப்பட்ட கம்பி இறுகி ஒடியும் நிலைக்கு வந்துவிடும் என்பதைத்தான் அவர் அவ்வாறு கூறினார். இறுகிய கம்பியை மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி நீரில் தோய்த்தால் மீண்டும் இளகும். நெருப்பே வேண்டாத தொழில் என்று நாம் எண்ணியிருந்தது அன்றோடு போயிற்று.

அவருடைய தந்தையாரும் பொற்கொல்லர். 1963-ஆம் ஆண்டு சனவரியில் பொன் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய நகை செய்யலாகாது என்று ஆயிற்று. நம் பெண்டிர் அணிவது 22 காரட். 14 காரட் நகையை யார் கேட்பார்? அடுப்பு அணைந்தது. நாடெங்கும் இலட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 1966-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 1968-இல் தனிச்சட்டமாக நிலைபெற்ற கட்டுப்பாடு 1990-இல்தான் முற்றும் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் தம் தந்தையார் விறகுக் கடையில் கணக்கு எழுதியதாகவும், மாலைதோறும் பெட்டியைத் திறந்து கருவிகளுக்கு எண்ணெய் தடவி மூடி வைத்ததாகவும் பெரியவர் சொன்னார்.

அப்பெட்டியை நாமும் கண்டோம். ஊதுகுழல், சாமணம், சிறு பட்டடை, அரங்கள், உரைகல், வெங்காரம் வைத்த பித்தளைச் சிமிழ், எல்லாவற்றிற்கும் அடியில் ஒரு கம்பியச்சு. ஒரு சாண் நீள எஃகுப் பட்டையில், பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய்த் துளைகள். "பொடி வைத்து ஊதுகிறான் என்கிறார்களே, அது எங்கள் பொடிதான், அப்பா" என்று சொல்லி அவர் சிரித்தார். பற்றாசுப் பொடியை இடுக்கில் வைத்து ஊதுகுழலால் ஊதினால், எங்கே பற்ற வேண்டுமோ அங்கே சத்தமின்றிப் பற்றுமாம்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடப் போகிறார்கள் என்று அறிந்து விரைந்தோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அது இடத்தை அடைக்கும் சுமை. அவரைக் குறை கூறுவதற்கு இல்லை. கம்பியச்சையும் இரு குறடுகளையும் விலைக்குத் தருமாறு கேட்டோம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "கருவியைச் சும்மா கொடுத்தால் கையில் நிற்காது, வெற்றிலையோடு பதினொரு ரூபாய் வை" என்றார். அவ்வாறே வைத்தோம். ஒரு நிபந்தனையும் விதித்தார்: ஒருமுறையேனும் அவர் கண்ணெதிரே அதில் கம்பி இழுத்துக் காட்ட வேண்டும்.

எதை இழுப்பது? பாட்டியின் அறுந்த வெள்ளிக் கொலுசுத் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. பெரியவரே அதை மூசையிலிட்டு உருக்கிக் குச்சியாக வார்த்து, பட்டடையில் தட்டி முனையைக் கூராக்கினார். கம்பியச்சைப் பிடிகருவியில் இறுக்கி, கம்பிக்கு மெழுகு பூசி, ஒவ்வொரு துளையாக இழுத்தோம். இழுத்தது துணைவியார், நாம் விளக்குப் பிடித்தோம். இரண்டு மூன்று துளைகளுக்கு ஒருமுறை காய்ச்சித் தோய்க்க வேண்டும். விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும் என்று நாம் காகிதத்தில் கணக்கிட்டுச் சொன்னோம். "பொன்னாயிருந்தால் ஒரு கிராமை இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீட்டலாம்" என்றார் பெரியவர். சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஒன்றரைக் கிராம் பொன் இருந்தால் தாத்தா வேலை செய்த அடித்தளம் வரை ஏறத்தாழ எட்டும் என்று மனம் வீணே கணக்குப் போட்டது.

அக்கம்பியைக் கொண்டு என்ன செய்வது என்பதை அன்னையார்தாம் தீர்மானித்தார். மாடத்தில் விளக்குக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கல் நெடுங்காலமாக இருந்துவருகிறது. தாத்தா பணி ஓய்வு பெற்றபோது கொண்டுவந்தது. வெறும் பளிங்குக்கல், பொன் இழை ஒன்றும் அதில் இல்லை. துளையும் இல்லை, ஒழுங்கான வடிவும் இல்லை. எந்தக் கடையிலும் அதைப் பதித்துத் தரமாட்டார்கள். கம்பியால் கூடு கட்டினால் அன்றி அது நகையாகாது.

துணைவியார் முதலில் செம்புக் கம்பியில் ஒத்திகை பார்த்தார். இருமுறை கல் நழுவித் தரையில் விழுந்தது. இரண்டாம் முறை ஓரம் சிறிது சிதைந்தது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறை, நான்கு வெள்ளிக் கம்பிகளை அடுக்கி, நடுவில் மெல்லிய கம்பியால் நெருக்கிக் கட்டி, கூடை போல விரித்து, கல்லை உள்ளே இறக்கி, மேலே ஒன்றுசேர்த்து முறுக்கி வளையம் வைத்தார். கல்லின் பள்ளங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே கம்பி ஓட வேண்டும். மேட்டில் ஓடினால் வழுக்கும். அதுதான் இரகசியம். மிஞ்சிய கம்பியில் ஒரு ஜோடிக் காதுக் கொக்கிகளும் அமைந்தன. முனைகளை அரத்தால் மழுக்கி, வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, அவற்றை மருமகளே மாமியார் காதில் மாட்டினார்.

கல்லைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு, அன்னையார் நம்மை அழைத்தார். "தம்பி, கல் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று நிறுத்துத் தனித்தனியே எழுதி வை" என்றார். நம் பார்சல் ஆபீசுத் தராசு மூட்டைகளை நிறுப்பது, இதனை நிறுக்காது. கம்பியை வளைக்கும் முன்னரே பெரியவரின் சிறு தராசில் நிறுத்துக் குறித்திருந்தது நல்லதாயிற்று. தாளில் இவ்வாறு எழுதி, நாளிட்டு, மாடத்தில் வைத்திருக்கிறோம்: வெள்ளைக்கல் பதினொரு கிராம். வெள்ளிக் கம்பி, கொக்கிகள் உட்பட, நான்கே கால் கிராம். அரக்கு இல்லை.