ஒரு விரற்கடை

தொப்பூர் கணவாயில் வண்டி திணறுகிறது என்று டிரைவர் அண்ணன் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: “வண்டி திணறுதா, நீ திணறுறியா?”

1994. ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரம் இருக்கும். நாமக்கல்லில் எங்களுக்கு இருந்ததே இரண்டு லாரிகள். அதில் ஒன்று சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போய்வரும். அதுவரை மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது, பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரனில் இருந்து கையை எடுப்பதில்லை என்றார் அண்ணன். சரக்கு போய்ச்சேர அரை நாள் தாமதம். அப்பா அந்த நடைக்கு அவருடைய பேட்டாவில் கை வைத்துவிட்டார்.

டீசல் ஃபில்டர் மாற்றினோம். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில், பம்பை இறக்கித் திறக்க வேண்டும், கூடவே சீலை அறுத்து ஃபுல் லோடு ஸ்குரூவை இரண்டு சுற்று ஏற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்றார்கள். பம்பைத் திறப்பது என்றால் ஒற்றை வண்டி, இரட்டை வண்டிக்காரர்களுக்கு அந்த மாத வருமானம் போனது என்று அர்த்தம்.

அந்தப் பம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927-ல் தொடர் உற்பத்தியைத் தொடங்கிய வகை அது. நம் பக்கம் மைக்கோ பம்ப் என்றால்தான் தெரியும். ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று. பிளஞ்சர் ஏறி இறங்கும் உயரம் எப்போதும் ஒன்றுதான். ஆனால் அதன் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பினால், டீசல் திரும்பி வழியும் துளையை அந்த வெட்டு சீக்கிரமாகவோ தாமதமாகவோ திறக்கும். சீக்கிரம் திறந்தால் நாசிலுக்குப் போகும் டீசல் குறைவு, தாமதித்தால் அதிகம். ஆறையும் ஒன்றாகத் திருப்புகிற பல்சட்டத்துக்கு ரேக் என்று பெயர். ரேக்கை நகர்த்துவது கவர்னர். கவர்னருக்குச் சொல்வது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லீவர். லீவருக்குச் சொல்வது ராடு. ராடுக்குச் சொல்வது டிரைவரின் வலது கால்.

எனக்கு இன்றும் வேடிக்கையாக இருப்பது இதுதான். பிளஞ்சருக்கும் அது ஓடுகிற பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். அந்த நகை வேலைக்கு உத்தரவு போகிற வழியோ முழுக்க முழுக்கக் கொல்லுப்பட்டறை: ஒரு மிதி, இரண்டு ராடு, தேய்ந்த புஷ், கிரீஸ் காய்ந்த பால் ஜாயின்ட், ஒரு ஸ்பிரிங். 2020-ல் பி.எஸ்.6 வந்த பிறகு வரும் புது லாரிகளில் மிதிக்குக் கீழே சென்சார் இருக்கிறது, கணினி அளந்து ஊற்றுகிறது. ஆட்டம் கண்ட புஷ்ஷைத் தேடிக் கீழே குனிகிற வேலை மிச்சம்.

கடைசியாகப் பம்ப் கடை பாயிடம் போனோம். வயசானவர். வண்டிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அண்ணனிடம் கேட்டார்.

“மேட்டுல லோடோட ஏறுறப்ப கரும்புகை தள்ளுதா?”

“இல்லீங்க பாய். சுத்தமாத்தான் போகுது.”

“அப்ப இது அஜீரணம் இல்ல, பட்டினி.”

காற்று போதாவிட்டாலும் நாசில் கெட்டாலும் எரியாத டீசல் கரும்புகையாக வெளியே வரும். புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் டீசலே போய்ச்சேரவில்லை. ஃபில்டர் புதுசு. அப்படியானால் கேட்கிறவன் ஒழுங்காகக் கேட்கவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டு அண்ணனை மேலே ஏறி மிதியைக் கடைசி வரை மிதிக்கச் சொன்னார். நானும் பாயும் லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லீவர் சாய்ந்தது, நின்றது. அது போய் முட்ட வேண்டிய ஸ்குரூ, ஈய சீலோடு, தொடப்படாமல் அப்படியே இருந்தது. பாய் ஆள்காட்டி விரலை இடையில் விட்டார். விரல் தாராளமாக நுழைந்தது.

“ராடை நீட்டிட்டாப் போதுமே பாய்” என்றேன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த திமிர்.

“நீட்டிப் பாப்போம் தம்பி.”

லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகி நீட்டினார். மிதித்தால் லீவர் ஸ்குரூவில் டக்கென்று முட்டியது. எனக்கு மீசை முளைத்த சந்தோஷம். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அண்ணன் காலை எடுத்த பிறகும் இன்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. லீவர் ஐடில் ஸ்குரூவுக்குத் திரும்பி வரவே இல்லை.

“அடியில எடுத்து முடியில வெச்சாச்சு” என்றார் பாய். ராடின் நீளத்தை மாற்றினால் அசைவு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகருமே தவிர, கூடாது. மொத்த அசைவே குறைகிறது என்றால், அதை வழியில் யாரோ தின்கிறார்கள். ராடைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிட்டு, முதல்முறையாகக் கேபினில் ஏறினார்.

கீழே பூப்போட்ட ரப்பர் மேட்டு. கட்டைவிரல் தடிமன். மிதியின் அடிப்பாகம் அதில் மெத்தென்று போய் அமுங்கி நின்றது. அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“மேடு ஏறாததுக்கு மேட்டுதான் காரணம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். ஆயுத பூஜைக்குப் பொரி, பூசணிக்காயோடு சேலத்தில் அந்த மேட்டை வாங்கிவந்து, அளவு பார்த்து வெட்டிப் போட்டது நான்தான்.

மீதி வேலை சின்னது. விரற்கடையில் முக்கால் பங்கு மேட்டோடு போயிற்று. மிச்சம் பெல் கிராங்க் புஷ்ஷின் தேய்மானத்தில் இருந்தது. புது புஷ் அடித்து, ராடைச் சரிக்கட்டி, பீடிக் கட்டுத் தாளைக் கிழித்து லீவருக்கும் ஸ்குரூவுக்கும் நடுவே வைத்தார். மிதித்தால் தாள் பிடிபட வேண்டும், நசுங்கி அறுபடக் கூடாது. அதே நொடியில் மிதி அதன் அடியில் உள்ள ஸ்டாப் போல்ட்டில் உட்கார வேண்டும். இல்லையென்றால் எண்பது கிலோ ஆள் ஊன்றி மிதிக்கிற அழுத்தமெல்லாம் லீவரின் தண்டில் இறங்கும். பிறகு காலை எடுத்தால் மறுமுனையில் ஐடில் ஸ்குரூவைத் தொட வேண்டும். மூன்று தரம் தாள் மாற்றினார். சீலைத் தொடவே இல்லை. சீலை அறுத்துக் கரும்புகை கக்கவிட்டு, அதைப் பவர் என்று பீற்றிக்கொள்கிறவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் உருகி வண்டி ஓரங்கட்டும்போது அவர்கள் பம்பைத்தான் திட்டுவார்கள்.

அடுத்த நடையில் தர்மபுரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணன் பேசினார். மூன்றாவதிலேயே ஏறிவிட்டதாம். அப்பா “ம்” என்றார். அண்ணன் திரும்பி வந்ததும் பிடித்த பேட்டாவைச் சேர்த்துக் கொடுத்தார். எதற்கு என்று சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வண்டியைக் கழுவும்போதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. “காசு போட்டு வாங்குன மேட்டு எங்கப்பா?”

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

“டயர் மாத்தறப்ப அடியில விரிச்சுப் படுத்தனுங்க முதலாளி. கிழிஞ்சு போச்சு” என்றார் அண்ணன்.