கேஸ் ஏறாத சோடா

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழாவில் 9-ஆம் நாள் தேர். அந்தக் கூட்டத்தை நம்பி கோலி சோடா போடுகிற ஒரு சிறு கம்பெனிக்குப் போயிருந்தேன். கம்பெனி என்பது ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. வேலை செய்கிறவர்கள் கணவனும் மனைவியும். கடைகளிலிருந்து ஒரு பெட்டி சோடா திரும்பி வந்திருந்தது. கோலியை அழுத்தினால் சத்தமே இல்லை.

“சிலிண்டர்ல கேஸ் நெறைய இருக்கு சார். தண்ணிதான் வாங்க மாட்டேங்கு” என்றார் கணவர்.

விஷயம் அதுதான். சாதாரணக் காற்றழுத்தத்தில், 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூட வாங்காது. வெயில் காய்ந்த தொட்டித் தண்ணீரை நேரே மெஷினுக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு சுற்றினாலும் பலன் குறைவு. அவர் தண்ணீர் டிரம்மைச் சுற்றி ஐஸ் அடுக்கினார். ஐஸை உள்ளே போடுவதில்லை, அது எந்தத் தண்ணீரில் உறைந்ததோ என்ற பயம். பிறகு பாட்டிலை இரும்புக் கூண்டில் பூட்டி, கேஸைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றினார். தண்ணீர் குலுங்கக் குலுங்கத்தான் வாயு கரையும். பாட்டில் தலைகீழாகும்போது கோலி வாய்க்கு உருண்டு வர, உள்ளிருக்கும் அழுத்தமே அதை ரப்பரோடு இறுக்கிவிடுகிறது. லண்டனில் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் அப்படியே வேலை செய்கிறது.

வீட்டில் பீர் காய்ச்சும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அங்கே பாட்டிலுக்குள் சர்க்கரையைத் தின்று வாயு உண்டாக்குவது ஈஸ்ட். கடுமையான பீரில் ஆல்கஹால் ஏற ஏற அது சோர்ந்துவிடும். புது ஈஸ்ட் சேர்த்து, பாட்டிலை வெதுவெதுப்பில் வைப்பார்கள். இங்கே குளிர்ச்சி, அங்கே சூடு. ஆனால் மூடி கசிந்தால் இரண்டும் வீண்தான். சோடாவுக்கும் பீருக்கும் உறவு பழையது: 1767-இல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி முதலில் தண்ணீரில் வாயு ஏற்றியது ஒரு பீர் ஆலையின் தொட்டிக்கு மேலேதான்.

கசிவைப் பிடிப்பது அந்த அம்மாவின் வேலை. திரும்பி வந்த பாட்டில்களை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்கிறார். குமிழி வந்தால் தனியே வைக்கிறார். கழுத்துக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் இறுகிப்போயிருந்தால், வளைத்த கம்பியால் நெம்பி எடுத்துப் புதியது மாட்டுகிறார். வாய்க் கண்ணாடியே சில்லுப்பட்டிருந்தால் அந்தப் பாட்டில் அவ்வளவுதான். திரும்பிய பெட்டியில் கணிசமான பழுது அங்கேதான் இருந்தது. பாட்டிலை ஓங்கி வைப்பதும், கோலியை இரும்பால் தட்டி இறக்குவதும் காரணம் என்றார். சில்லுப்பட்ட பாட்டில் கேஸ் ஏற்றும்போது வெடிக்கவும் செய்யும்; கூண்டு இருந்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டாமல் இந்த வேலையில் நிற்கக் கூடாது. கணவர் மாட்டியிருக்கவில்லை. மாட்டச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

தேரன்று ரதவீதியில் சோடா குடிப்பவர்கள் கோலியைக் கட்டை வைத்து அழுத்துங்கள், காலிப் பாட்டிலைக் கடைக்காரர் கையிலேயே கொடுங்கள். அடுத்த சோடாவின் கேஸ் அந்தக் கழுத்தை நம்பித்தான் இருக்கிறது.