விருப்ப வரிசை

உயர்தரப் பெறுபேறு கையில் இருந்தது, வெட்டுப்புள்ளி வெளிவந்திருக்கவில்லை. அதை அறியாமலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்புதல் வேண்டும். முல்லைத்தீவில் மாடுகளோடு வளர்ந்த நான் விரும்பியது கால்நடை மருத்துவம். இலங்கையில் அப்பட்டம் பேராதனையில் மட்டுமே உண்டு. தனித்திருக்கும் அம்மாவை எண்ணி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தை முதலாவதாக எழுதினேன். கால்நடை மருத்துவம் இரண்டாவதாயிற்று.

அந்த மாரியில் எங்கள் சிவலைப் பசு கன்று ஈன இயலாமல் விடியும்வரை துடித்து இறந்தது. அன்றே மனம் மாறிற்று; வரிசையை மாற்றும் காலமோ கடந்திருந்தது.

வெட்டுப்புள்ளி வந்தபோது என் இசட் புள்ளி இரண்டுக்கும் போதியதாயிருந்தது. ஆயினும் முதல் விருப்பம் கிடைத்தவருக்கு இரண்டாவது இல்லை. பதிவு செய்தால் மறுவருடம் விண்ணப்பிக்கவும் இயலாது. பதியாது விட்டு, எஞ்சியிருந்த மூன்றாம் தடவையையும் எழுதிப் பார்க்கலாம். பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 வீதம் ஒதுக்கப்படும் நாட்டில், கைக்கு வந்த இடத்தை உதற மனம் கூசிற்று.

"உங்களுக்காகத்தானே அப்பிடி எழுதினனான்" என்று அம்மாவிடம் குறைப்பட்டேன்.

"என்னைச் சாட்டாதை மோனை. தூரத்துக்குப் பயந்தது நீ."

மறுக்க முடியவில்லை. பதிவு செய்தேன். விலங்கு விஞ்ஞான விரிவுரையில் கன்றீனும் இடர் பற்றிப் பேசப்படும்போது, நான் இன்னும் குறிப்பெடுக்காமல் இருந்துவிடுகிறேன்.