பச்சைக் கம்பியும் அன்னையின் சொல்லும்

வீட்டுப் பொருள்கள் முற்றும் பழுதுறுமுன் ஏதேனும் ஒரு குறிப்பைக் காட்டாமல் இருப்பதில்லை. தேய்ந்த அச்சு கிறீச்சிடும். கசியும் குழாய் சுவரில் ஈரம் படர்த்தும். அக்குறிப்பை உணர்ந்து உரைப்பார் ஒருவர் இருப்பினும், அவர் சொல்லுக்குச் செவிசாய்ப்பார் அரியர். சென்ற மார்கழித் திங்களில் எங்கள் இல்லத்து மின் வெந்நீர்க் கலன் புகட்டிய பாடத்தை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ஏலகிரி மலையடிவாரத்தை அடுத்தது எங்கள் ஊர். மார்கழி வைகறையில் மலைக்காற்று எலும்பைத் துளைக்கும். எண்பது வயதைக் கடந்த எங்கள் அன்னையாருக்காகவே, மக்கள் வழக்கில் 'கீசர்' எனப்படும் அக்கலனை வாங்கினோம். கொள்ளளவு 15 லிட்டர். திறன் 2000 வாட். 25 டிகிரி நீரை 60 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 18 நிமிடங்கள் போதும். ஆயின் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரோ கடின நீர். காய்ச்சும் பாத்திரத்திலெல்லாம் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும்.

ஒருநாள் காலை அன்னையார், "தம்பி, குழாயைத் தொட்டால் சுரீரென்று கடிக்கிறதப்பா" என்றார். உடனே சென்று தொட்டுப் பார்த்தோம், ஒன்றும் தோன்றவில்லை. "வயதானால் நரம்பு அப்படித்தான் இருக்கும் அம்மா" என்று ஆறுதல் கூறினோம். மறுநாளும் சொன்னார், மூன்றாம் நாளும் சொன்னார், பின்னர்ச் சொல்வதை விட்டுவிட்டார். அதன்பின் வெந்நீர்க் குழாயின் மீது உலர்ந்த துண்டு ஒன்று சுற்றப்பட்டிருக்கக் கண்டோம். ஒழுங்கற்றுத் தோன்றுகிறதே என்று அதனை எடுத்துக் கொடியில் இட்டோம். அடுத்த நாளும் அது குழாயின் மீதே இருந்தது.

பத்து நாள் கழிந்ததும் நீர் சூடேறுவது அடியோடு நின்றது. கலனின் சிறுவிளக்கு எரிந்தது, பியூஸ் போகவில்லை. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்த்தும் பயனில்லை. எனவே, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி பயின்ற அண்டை வீட்டு இளைஞரை அழைத்தோம். அவர் கலனைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து முதலில் குழாயில் வைத்தார். அது செந்நிறத்தில் ஒளிர்ந்தது. "யாரும் தொடாதீங்க சார்!" என்று கூவியவாறே ஓடிச்சென்று மெயின் சுவிட்சை அணைத்தார்.

பிளக்கைப் பிடுங்கி, நீர்வரும் வால்வை மூடி, கலனை ஆறவிட்டு, உள்ளிருந்த நீரை வடித்த பின்னரே அடிமூடியைக் கழற்றினார். 2000 வாட் எலிமெண்ட் நலமுடன் இருப்பின், 230 வோல்ட் கணக்கில் அதன் மின்தடை ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். எங்களுடையதில் மீட்டர் அசையவேயில்லை, சுருள் அறுந்திருந்தது. மாறாக, முனைக்கும் உலோக உறைக்கும் இடையே இருக்கக் கூடாத தொடர்பு இருந்தது. எலிமெண்டை வெளியே இழுத்தபோது இரு கைப்பிடி அளவு சுண்ணப் படிவு உதிர்ந்தது.

எலிமெண்டின் அமைப்பு எளியது. செப்புக் குழாயினுள் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிச்சுருள். ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் 1906-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கலவை அது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு தூள். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். சுண்ணம் போர்வையாய்ப் படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்லாது; குழாய் மிகச் சூடேறி வெடிக்கும்; ஈரம் உள்நுழைந்து மின்சாரம் நீரில் கசியும். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது அதுவே. பிளாஸ்டிக் குழாயில் நின்ற நீர்த்தண்டின் தடையே, அன்னையாரைத் தீண்டிய மின்சாரத்தைச் 'சுரீர்' என்ற அளவில் நிறுத்தியது. நாங்கள் இரப்பர்ச் செருப்புடன் குளியலறை புகுவோர். அன்னையாரோ ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவர். எங்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியதன் காரணம் நரம்பன்று, செருப்பே.

"எர்த் இருந்தால் இப்படி ஆகாதே" என்று ஐயுற்ற இளைஞர் சுவரிலிருந்த சாக்கெட்டைத் திறந்தார். பச்சைக் கம்பி எதிலும் இணைக்கப்படாமல் ஓரமாய் மடிந்து கிடந்தது. எங்கள் தலை தானே தாழ்ந்தது. முந்தைய ஆண்டு அச்சாக்கெட் கருகியபோது, மாற்றியவர்கள் நாங்களே. பச்சைக் கம்பி நீளம் போதாமல் இருந்தது. அஃதின்றியும் நீர் சூடேறவே, வேலை முடிந்ததென மகிழ்ந்தோம். நாள்தோறும் யாதொரு பணியும் செய்யாதது போல் தோன்றும் அக்கம்பி, கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு ஈர்த்துச் சென்று உயிரைக் காப்பதற்கென்றே இருப்பது என்பதை அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

புதிய எலிமெண்டும் கேஸ்கெட்டும் பொருத்தப்பெற்றன. கலனின் சுவர் அரிக்கப்படாமல் இருக்கத் தான் அரிபட்டுத் தேயும் மக்னீசியத் தண்டு, வெறும் கம்பியாய் மெலிந்திருந்தது, அதனையும் மாற்றினோம். ஓர் உலோகத்தைத் தேயவிட்டு மற்றொன்றைக் காக்கும் இம்முறையைக் கப்பல்களின் செப்புத் தகட்டுக்காக 1824-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து காட்டியவர் ஹம்ப்ரி டேவி. பச்சைக் கம்பி நீட்டி இணைக்கப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் அமைத்தோம். வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி ஒழுகிய பின்னரே சுவிட்சைப் போட்டார் இளைஞர். நீரின்றிச் சூடேறினால் புதிய எலிமெண்டும் கணத்தில் கெடும்.

அன்று மாலை அன்னையாரிடம் சென்று, நடந்தது யாவும் கூறி மன்னிப்பு வேண்டினோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "எனக்கென்ன, பழகிவிட்டது. பிள்ளைகள் தெரியாமல் தொட்டுவிடக் கூடாதே என்றுதான் துண்டைச் சுற்றி வைத்தேன். நீங்கள் எடுத்து எடுத்துப் போட்டீர்கள்" என்றார்.

நாங்கள் மடக்கி ஒதுக்கிய கம்பியின் பணியைப் பத்து நாளும் அத்துண்டைக் கொண்டு அவரே செய்திருக்கிறார். மாணவச் செல்வங்களே, இன்று இல்லம் திரும்பியதும் உங்கள் வீட்டுச் சாக்கெட்டில் பச்சைக் கம்பி இணைந்துள்ளதா என மின்பணி அறிந்தவரைக் கொண்டு பாருங்கள். அதற்கு முன், வீட்டில் மூத்தோர் எதையேனும் மூன்று முறை சொல்லிப் பின் சொல்லாமல் விட்டிருந்தால், அது யாதென்று கேளுங்கள்.